ஹர்ஷினிக்குப் போன ஒரு மார்க்

மே மாத வெயிலில் கணக்கு டீச்சர்களுக்குத் திருப்பதியில் ஐந்து நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. எங்கள் சத்தியவேடு பள்ளிக்கூடத்தில் முகம் சுளிக்காதவர் முனிரத்தினம் சார் ஒருவர்தான். கணக்கு என்றால் எங்கே கூப்பிட்டாலும் போவார். அவர் போகிறாரே என்று நானும் முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

சார் வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. இருபத்தேழு வருஷமாகத் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறார். புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் அரை மார்க் என்பதே கிடையாது. ஒன்று, இல்லையென்றால் முட்டை. "கணக்குல பாவம் பாக்க முடியாதும்மா" என்பார். ஒன்பது வருஷமாகப் பக்கத்து வகுப்பில் இருக்கிறேன், எனக்கே அவரிடம் கொஞ்சம் பயம்.

முதல் நாள் காலையிலேயே டெஸ்ட் வைத்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்த ஹரிபிரசாத் சித்தூர்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது. பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். நாற்பத்தோரு கணக்கு வாத்தியார்கள் என்ன செய்தோம் தெரியுமா? காப்பி அடித்தோம். வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் பிட் பிடிக்கிற கைதான், கூச்சமே இல்லை. நான் முனிரத்தினம் சாரைப் பார்த்து எழுதினேன். புத்தலப்பட்டு ஹரிபாபு என்னைப் பார்த்து எழுதினார். அவரை அடுத்த வரிசையே பார்த்தது.

மத்தியானம் ஹரிபிரசாத் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏழாவது கேள்விக்கு இந்தப் பக்கம் மூணு வரிசைக்கும் ஒரே தப்பு சார்."

ஏழாவது கேள்வி, 22/7 விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்பது. நாங்கள் எல்லோரும் 'விகிதமுறா எண்' என்று டிக் அடித்திருந்தோம்.

"இது பின்னம்தானே சார்? முழு எண் ரெண்ட வச்சு பின்னமா எழுத முடிஞ்சா அது விகிதமுறு எண். பை அப்படி இல்ல. பைக்குக் கிட்டத்தட்ட வர்ற மதிப்புதான் இது. பை வேற, இது வேற."

எல்லோரும் சிரித்தோம், தப்பு எல்லோருக்கும் பொதுவாயிற்றே. முனிரத்தினம் சார் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் இல்லை. மீதி நாலு நாளும் ஒழுங்காக உட்கார்ந்து குறிப்பு எடுத்தார், அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ் நாகலாபுரம் தாண்டியதும் கேட்டார். "ஏம்மா பிரமிளா, ஹர்ஷினி இப்ப எங்க கீது?"

எனக்குச் சுரீர் என்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் பத்தாவது படித்த பெண். அரையாண்டுப் பரீட்சையில் 22/7-ஐ விகிதமுறு எண் என்று எழுதினாள். சார் முட்டை போட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டாள். "பை விகிதமுறா எண். பைனா 22/7. அப்ப அது இன்னா?" என்று மடக்கி அனுப்பினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"டிப்ளமோ முடிச்சிட்டு ஸ்ரீசிட்டில வேலைக்குப் போய்க்கினு கீது சார். காலைல ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸு."

"அதுகிட்ட சொல்லணும். சொல்லாம ஜூன்ல இன்னா மூஞ்சிய வச்சிக்கினு போர்டு முன்னால நிப்பேன்?"

மறுநாள் காலை ஆறுக்கெல்லாம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். துணைக்கு நானும். ஹர்ஷினி யூனிஃபார்மும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்தாள். எங்களைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கி, நேராக நின்றாள்.

சார் சுற்றி வளைக்கவில்லை. "நீ அரையாண்டுல எழுதினதுதாம்மா ரைட்டு. நான்தான் தப்பு போட்டேன்."

"தெரியும் சார்."

"எப்பலேர்ந்து?"

"அப்பவே தெரியும் சார்." கொஞ்சம் தயங்கினாள். "பப்ளிக்லயும் அதே கேள்விதான் வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன்."

அந்தப் பரீட்சையில் அவளுக்குத் தொண்ணூற்றொன்பது. ரிசல்ட் வந்த அன்று ஊரே பாராட்டியது. சார் மட்டும் ஹெட்மாஸ்டர், அவள் நைனா, நாங்கள் எல்லோரும் நிற்க, "அந்த ஒரு மார்க்க எங்க கோட்ட வுட்ட?" என்று அதட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கவனக்குறைவு என்று அவராகவே முடிவும் கட்டினார்.

"நான் அன்னிக்கிக் கேட்டேனேம்மா," என்றார். "ஏன் சொல்லல?"

கம்பெனி பஸ் வந்து நின்றது. ஹர்ஷினி பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் இருந்தாங்களே சார்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.