ஒன்பதாவது பாட்டின் கைதட்டல்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் அவள் கரண்டி அக்கா. இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாடு ஊட்டுவதுதான் அவள் வேலை. தாடை தாழ்ந்திருக்க வேண்டும், கரண்டியில் பாதிதான் எடுக்க வேண்டும், இரண்டு தடவை விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும். இந்த விஷயத்தில் அவள் டாக்டர் பேச்சைக்கூடக் கேட்கமாட்டாள்.

சாப்பாட்டு அறையில் ஒரு பழைய சிடி ஓடும். வெறும் கிடாரை வைத்துக்கொண்டு இருபது பேர் பாடிய இருபது பாட்டு. அட்டையில் காலியாக ஒரு மர நாற்காலி. அக்காவுக்குப் பாட்டில் ஈடுபாடெல்லாம் கிடையாது. டிரம்ஸ் இல்லாவிட்டால் ஜனங்கள் நிதானமாக மெல்லுகிறார்கள், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு பாட்டுக்கு எட்டுக் கரண்டி. யாராவது அவசரமாகக் கூப்பிட்டால், “இன்னும் மூணு பாட்டுல வரேன்” என்பாள்.

குறை இல்லாமல் இல்லை. நாலாவது பாட்டுக்கு மேல் எது எந்தப் பாட்டு என்று பாடினவர்களுக்கே தெரிந்திருக்காது. இருபது பேருக்கும் ஒரே சோகம், ஒரே பெருமூச்சு. எட்டாவது பாட்டில் பாதிப் பேர் வாயில் சாப்பாட்டோடு தூங்கிவிடுவார்கள். ஆனால் ஒன்பதாவது பாட்டை மட்டும் மேடையில் பதிவு செய்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் தூறலாக ஆரம்பித்து வலுக்கும். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, வாயில் இருப்பது ஞாபகம் வந்து, விழுங்குவார்கள்.

அங்கே தங்கியிருக்கும் பெரியவர்களில் லிஃப்ட்காரர் மட்டும் எழுந்து நின்றுவிடுவார். முப்பத்துநாலு வருஷம் ஜனங்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். ஒருத்தர்கூட அவருக்குக் கைதட்டினதில்லை. “நன்றி, நன்றி. பார்த்து இறங்குங்க” என்று குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்து, தட்டைக் காலி செய்வார்.

புதிதாக வந்த மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. “அக்கா, பார்க்க வர்றவங்க யாருக்குக் கைதட்டறாங்கன்னு கேக்கறாங்க. நான் முந்நூறு பாட்டு இறக்கி வெச்சிருக்கேன். கைதட்டல் கிடையாது, ஒரு இருமல்கூடக் கிடையாது. அத்தனையும் சுத்தம்.”

“சாப்பிடற சத்தமும் இருக்காது பாருங்க சார்” என்றாள் அக்கா.

அப்படித்தான் ஆயிற்று. முந்நூறு பாட்டும் ஒரே பாட்டுபோல ஓடின. மேனேஜரே இரண்டு தடவை மேஜையில் தலையை வைத்துத் தூங்கினார். லிஃப்ட்காரர் தூங்கவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

“வாயைத் திறங்க ஐயா.”

“இரும்மா, இன்னும் மாடி வரல.”

பத்து நாள் மாடி வரவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். “வெள்ளிக்கிழமை எடை போடுவேன். நாப்பது கிலோவுக்குக் கீழ இருந்தா மூக்குல குழாய்தான்.”

குழாய் போட்டால் அவர் பிடுங்குவார், பிடுங்கினால் கையைக் கட்டுவார்கள். அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே சிடியைத் தேடினாள். புறா விரட்டுவதற்காகப் பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே இரண்டு புறா உட்கார்ந்து அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தன.

கழுவித் துடைத்துப் போட்டால், கீறல் விழுந்த சிடியில் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. ஒன்பதாவது பாட்டின் கைதட்டலில் போய் மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றியது. லிஃப்ட்காரர் எழுந்தார், வணங்கினார். கைதட்டல் ஓயவில்லை. மறுபடி வணங்கினார். கால் மணி நேரம் வணங்கிக்கொண்டே இருந்தால் மனிதர் எப்போது சாப்பிடுவது? அக்கா சட்டென்று பட்டனை அமுக்கினாள். சத்தம் நின்றதும் உட்கார்ந்தார். வாயும் திறந்தது.

அன்றிலிருந்து இடது கையில் பட்டன், வலது கையில் கரண்டி. ஒரு கைதட்டலுக்கு ஐந்து வாய்.

எதிர் மேஜைத் தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “நான் ஒரு சொட்டு சிந்தாம சூப் குடிச்சேனே, எனக்கு எங்க?” அவளுக்கும் போட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை எடை மெஷின் முன்னால் லிஃப்ட்காரர் அசையாமல் நின்றார். சிடி பிளேயரின் வயர் அந்த அறை வரைக்கும் எட்டவில்லை.

“இப்ப என்ன பண்றது?” என்றார் டாக்டர்.

“தட்டுங்க டாக்டர்.”

டாக்டர் தட்டினார். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். “ஒரே ஆளுக்கெல்லாம் லிஃப்ட்டை எடுக்கமாட்டேன்.”

மேனேஜரையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உள்ளங்கை சிவக்கத் தட்டின பிறகு ஏறினார். முள் நாற்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றது. நன்றி சொல்லி வணங்கி இறங்கினார்.

அப்போதுதான் டாக்டர் அவர் காலைப் பார்த்தார். “செருப்போட ஏத்திட்டீங்களே அக்கா!”

“கழட்டிட்டு மறுபடி ஏத்தலாம் டாக்டர். ஆனா முதல்லேர்ந்து தட்டணும்.”

டாக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பேனாவை எடுத்து, குழாய் தேவையில்லை என்று எழுதினார்.