ஐந்து ஸ்டார் கேரியர்

பதினொரு கிளினிக்கிலும் அவளுக்குப் பெட்டியக்கா என்றுதான் பெயர். தலை நரைத்த டாக்டர்கள்கூட "பெட்டியக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நீலப் பெட்டி, உள்ளே ஐஸ் பைகள், நடுவே ரத்த மாதிரி அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் செருகும் தட்டு. அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு காலை ஏழரைக்குக் கிளம்பினால் பகல் இரண்டுக்குள் லேபுக்கு மூன்று நடை போய்விடுவாள். பைக்கில் வருகிறவர்கள் சிக்னலில் முனகிக்கொண்டு நிற்கும்போது அவள் சந்தில் புகுந்து அடுத்த தெருவில் இருப்பாள். ஆறு வருடத்தில் ஒரு குழாய் உடைந்ததில்லை. பெட்டி லேபுடையது. சைக்கிள் அவளுடையது. அதற்கு என்ன ஆனாலும் அவள் பாடு.

வீட்டில் அவள் கணவர் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் இறக்கிக்கொண்டிருந்த சரக்கு சரிந்து முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே பாதி உணர்வு போயிற்று. ஊர் ஊராகச் சுற்றிய மனிதருக்கு மிஞ்சியது ஒரு ஜன்னலும் ஒரு போனும். அந்தப் போனை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாங்கவேண்டியதையெல்லாம் அவர்தான் பார்த்துப் பார்த்து வாங்கினார். துடைப்பம் வாங்கினால்கூட நூறு ரிவ்யூ படிப்பார். "என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார்.

சைக்கிளில் பெட்டி கட்டும் பழைய கேரியரின் வெல்டிங் விட்டுப்போனபோது அவள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போகத்தான் நினைத்தாள்.

"அவன்கிட்ட இருக்கறதே ரெண்டு கேரியர். ரெண்டையும் நல்லதும்பான்" என்றார் அவர். "இங்க பாரு, நாப்பது இருக்கு. வாங்கினவங்க ஆயிரம் பேர் சொல்றாங்க. அவங்களுக்கு என்ன லாபம், பொய் சொல்ல?"

அவள் பழையதையே கம்பியால் கட்டி ஓட்டிக்கொண்டிருக்க, அவர் பன்னிரண்டு நாள் படித்தார். அவள் பாத்திரம் கழுவும்போது கட்டிலில் இருந்தே சத்தமாக வாசித்துக் காட்டுவார். அட்டைப்பெட்டி கிழிந்திருந்ததற்காக ஒரே ஸ்டார் போட்டவனைப் பற்றி, "பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு வந்து எழுதியிருக்கான்" என்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். அவர் பேச்சில் அந்த முகம் தெரியாத கூட்டமெல்லாம் அக்கம்பக்கத்து ஆட்களைப்போல ஆகிவிட்டிருந்தது.

பதிமூன்றாம் நாள் அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "இங்க வா. இதக் கேளு."

"நானும் தினமும் பாரம் கட்டி ஓட்டுகிற பெண்தான். கணவருக்கு உடம்பு முடியாது. வீடு என் காலில்தான் ஓடுகிறது. ஒரு வருடமாக இது என்னைக் கைவிடவில்லை. சகோதரிகளே, நம்பி வாங்குங்கள்."

கடைசி வரியை அவரால் முழுதாகப் படிக்க முடியவில்லை. "உன்னை மாதிரியே ஒருத்தி, பாரேன்" என்றார். ஐந்து ஸ்டார். அன்றே ஆர்டர் போட்டார்.

வந்த அன்று சைக்கிளை மூன்று படி தூக்கி முன்னறைக்கே கொண்டுவந்தாள். அவர் படுத்தபடி உத்தரவு போட, அவள் ஸ்பேனரைத் திருகினாள். "அந்த வாஷரை உள்பக்கம் போடு. இன்னும் கால் சுத்து." முடிந்ததும் ஒருக்களித்துக் கையை நீட்டி, கேரியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "மலை மாதிரி நிக்குது" என்றார். இரண்டு வருடமாக அந்த வீடு பார்க்காத முகம் அது. அதற்குப் பிறகு, வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத பெண்ணும் எங்கேயோ ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றும். கூட ஒரு ஆள் வருகிற மாதிரி இருந்தது.

கேரியர் மாட்டிய பத்தொன்பதாம் நாள், மதியத்துக்குச் சற்று முன். குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தானே வெளியே வந்து ஒரு சிறு குழாயைக் கையில் கொடுத்தார்.

"பெட்டியக்கா, இது ரத்தம் இல்ல. ஒம்பது மாசக் குழந்தையோட முதுகுத்தண்டுலேர்ந்து எடுத்த நீர், மூளைக்காய்ச்சலான்னு பாக்கணும். ஐஸ்ல வெக்காதீங்க. வேற எங்கயும் நிக்காம நேரா லேபுக்குப் போங்க."

அவள் அதைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியின் பக்க அறையில் வைத்தாள். தூறிக்கொண்டிருந்தது. லேபுக்கு இரண்டு தெரு இருக்கும்போது ஒரு வேகத்தடை. தினமும் ஏறி இறங்குகிறதுதான். இறங்கியதும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். சைக்கிள் சட்டென்று இலேசானது. திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டி ரோட்டில் மூலை குத்தி விழுந்தது. பின்னால் வந்த வேன் பிரேக் போட்டும் நிற்காமல் அதன்மேல் ஏறித்தான் நின்றது.

கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். ரத்தம் இருந்த குழாய்களில் பாதி நொறுங்கியிருந்தன. பஞ்சைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடித் துண்டுகள்தான். அந்த நீர் தெளிந்த நீர். நனைந்த ரோட்டில் அது எது, மழை எது என்று தெரியவில்லை. "ரத்தம், தொடாதீங்க" என்று யாரோ கூட்டத்தை விலக்கினார்கள். கேரியரின் இடது கால் போல்ட்டுக்கு மேலே முறிந்து தொங்கியது.

திரும்பி ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து ஆரம்பிச்சாச்சு. இப்ப திரும்ப எடுத்தாலும் எந்தக் கிருமின்னு தெரியுமான்னு சொல்ல முடியாது. குத்துமதிப்பா மூணு வாரம் ஊசி போடவேண்டியதுதான்."

குழந்தையின் தாய் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்பக் குத்துவீங்களா?" என்றாள். "நாலு பேர் பிடிச்சாங்க அவனை. திரும்பவா?"

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் பெட்டியக்கா. அந்தத் தாய் அவளைப் பார்க்கவே இல்லை.

லேப் மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "என் கவனக்குறைவாலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"கேரியர் உடைஞ்சிடுச்சு சார்."

"கேரியர் யார் வாங்கினது?"

"நாங்கதான்."

"அப்புறம்?"

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். முடிந்த பிறகும் வரவேண்டியிருக்காது என்பது அவர் பேனாவை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, கேரியரைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுப் பின்னால் தள்ளினாள். கட்டிலில் இருந்து அந்த இடம் தெரியாது. பிறகு மூன்று படி ஏறி உள்ளே போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள், ஒன்றைத் தவிர. "நான்தாங்க கவனிக்காம வேகத்தடையில விட்டுட்டேன். கட்டியிருந்த கயிறு நழுவிடுச்சு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நல்லவேளை, கேரியர் கெட்டியா இருந்துச்சு. இல்லன்னா நீயும்ல வேனுக்கு அடியில போயிருப்ப" என்றார்.

அவள் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் காலையில் அவர் கூப்பிட்டார். நாலு நாளாக அவள் பேயறைந்த மாதிரி வளைய வருவதைப் பார்த்து, எதையாவது சொல்லி அவளைத் தேற்ற நினைத்திருக்கிறார் பாவம். "முந்தாநாள் நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு."

போனை வாங்கினாள். ஐந்து ஸ்டார். "நான் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவன். பாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் மனைவி விபத்தில் சிக்கியபோதும் இந்தக் கேரியர் அசையவில்லை. அவளைக் காப்பாற்றியது இதுதான்." நாற்பத்தாறு பேர் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

அவள் கையில் இருக்கும்போதே போன் 'டிங்' என்றது. அந்த ரிவ்யூவுக்குக் கீழே யாரோ ஒரு கேள்வி போட்டிருந்தார்.

"என்ன கேக்கறாங்க?"

அவள் வாசித்தாள். "ஐயா, உங்க அனுபவத்தை நம்பிக் கேக்கறேன். ஒரு பொண்ணுக்கு அப்பா நான், அவளுக்கு ஆறு வயசு. பின்னால உட்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் அவரை ஐயா என்று அழைத்து யோசனை கேட்கிறார். "தாராளமா உட்கார வைக்கலாம்னு போடு. பெட்டியைவிடக் குழந்தை என்ன கனமா?"

அவள் விரல் அசையவில்லை.

"என்ன முழிக்கிற? போடும்மா."

"வேண்டாங்க."

"ஏன்?"

அவள் படியிறங்கிப் போனாள். சாக்கை இழுத்துக்கொண்டு வந்து, முறிந்த காலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விளிம்பு காகிதம் மாதிரி வளைந்தது. "இது பைப்பே இல்ல" என்றார் மெதுவாக. "தகரத்தைச் சுருட்டிப் பெயிண்ட் அடிச்சிருக்கான்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாலு நாளாவா?"

"ம்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உங்களுக்கு இருக்கறதே இது ஒண்ணுதானேங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் தொடப் போனாள், கையைத் தள்ளிவிட்டார். திரும்பாமலே, "போனைக் குடு" என்றார்.

வாங்கிய வேகத்தில் தன் ரிவ்யூவை அழித்தார். ஒரு நொடி அதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ரிவ்யூ போனதோடு, அதற்குக் கீழே இருந்த கேள்வியும் போய்விட்டது. அந்தத் தகப்பன் யார், எந்த ஊர், எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு நூலிழை அடையாளம்கூட இல்லை.

"பேர் பாத்தியா? பேர் என்னன்னு பாத்தியா?"

"பாக்கலைங்க. கேள்வியைத்தான் பாத்தேன்."

புதிதாக எழுதினார். வாங்காதீர்கள், உடைந்துவிட்டது, இதோ படம். 'உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. மறுநாளும் அதே. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றாள். "பணம் வேண்டாம்மா. ஒரு ஆள் குழந்தையை உட்கார வைக்கப் போறான், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்று அவர் கெஞ்சினார். "உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது சார்" என்றாள் அந்தப் பெண். நாலு தடவை கேட்டதற்கும் நாலு தடவையும் அதையே சொன்னாள்.

அவருக்கு அப்போதுதான் ஏதோ சந்தேகம் தட்டியது. அந்தச் சகோதரி எழுதிய வரிகளை அப்படியே போட்டுத் தேடினார். இன்னொரு ரிவ்யூவில் மிக்ஸி ஜார் ஒன்றை அவள் ஒரு வருடமாக வைத்திருந்தாள். அது அவளைக் கைவிடவில்லை. துணி காயப்போடும் ஸ்டாண்டும் கைவிடவில்லை. எல்லா இடத்திலும் கணவருக்கு உடம்பு முடியவில்லை.

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லடி" என்றார்.

பெட்டியக்காவோடு வளைவுகளில் திரும்பிக்கொண்டிருந்தவள் அன்றோடு காணாமல் போனாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அவள் தினமும் போனாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். பன்னிரண்டாம் நாள் அந்தத் தாய் தானாகவே வெளியே வந்தாள். தூங்காத கண்கள்.

"அக்கா, வேணும்னு நீங்க செய்யல. எனக்குத் தெரியுது. ஆனா உங்களை மன்னிக்கிறதுக்கு எனக்கு இப்பத் தெம்பு இல்ல. தயவுசெஞ்சு இங்க வந்து உக்காராதீங்க."

அதற்குப் பிறகு போகவில்லை. இருபத்தோராம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். காய்ச்சல் இல்லை. காது சரியாகக் கேட்கிறதா என்பது இன்னும் சில மாதம் போனால்தான் தெரியுமாம். "அந்த ரிப்போர்ட் வந்திருந்தாலும் இதே மருந்துதானோ என்னமோன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். அந்த 'என்னமோ'வைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடலாம் என்று பெட்டியக்கா பார்த்தாள். முடியவில்லை.

லேபில் அவள் இடத்துக்கு ஒரு பைக்காரரைப் போட்டார்கள். அவளுக்கு ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை கிடைத்தது. நடந்தே போகிற தூரம். வழியில் ஒரு ஸ்கூல். குழந்தைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறவர்கள் வரிசையாக வருவார்கள். அவள் கேட்டுக்கு எதிரே நின்று, ஒவ்வொரு சைக்கிளின் பின்னாலும் குனிந்து பார்ப்பாள். அந்தத் தகப்பன் இந்த ஊராக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஒருநாள் ஒருவர் சைக்கிளில் அதே கறுப்பு நிறம், அதே வளைவு. ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டாள். "இந்தக் கேரியர் எங்க வாங்கினீங்க? சொல்லுங்க, எங்க வாங்கினீங்க?"

அவர் மிரண்டுபோனார். "பழசும்மா இது. எங்க அண்ணன் சைக்கிள். என்ன வேணும் உங்களுக்கு?" அவள் குனிந்து அதன் காலை அழுத்திப் பார்த்தாள். கெட்டி இரும்புதான். கையை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி, சைக்கிள் கேட்டுக்குள் நுழையும்வரை அவளையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "பாத்தியா?"

"பதினேழு சைக்கிள் பாத்தேங்க. எதுலயும் அது இல்ல."

"நாளைக்கும் பாரு" என்றார்.

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.