கையில் ஓடும் கால் ரத்தக்குழாய்

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் தைப்பதற்கு நாலு மணி நேரம் என்றால், வெளியே நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல எங்களைப் போன்ற உதவியாளர்களுக்கு நாலு நாள் ஆகும். ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்துக் கிடந்த உங்களுக்கும் அந்தப் பாடு தெரிந்திருக்கும்.

களிமண் கட்டு

சேகர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை வார்ப்பவர். உடைந்த தட்டு ஒன்று வலது முழங்கைக்கு மேலே ஆழமாக வெட்டி, கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அறுந்துவிட்டது. கூட வேலை செய்யும் மணி, காயத்தில் களிமண்ணை அப்பி, மேலே துண்டை வைத்து அழுத்தியபடியே ஆட்டோவில் கூட்டிவந்தார். அழுத்தியதால் உயிர் தங்கியது. அந்த மண்ணைக் கழுவி எடுப்பதற்குள் எங்கள் விரல் மரத்துவிட்டது.

"காயத்துல மண்ணையா வைப்பாங்க?" என்று டாக்டர் கத்தினார்.

"அச்சு ஒழுகினா அதத்தானுங்க சார் வெச்சி அடைப்போம்" என்றார் மணி.

காலில் ஏன் கட்டு?

சேகரின் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. சீக்கிரம் ரத்தம் போய்ச் சேராவிட்டால் கையையே எடுக்க வேண்டிவரும். டாக்டர் சிதைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். மணிக்கட்டில் துடிப்பு திரும்பியது.

சேகரின் மனைவி செல்வி முதலில் பார்த்தது காலில் இருந்த கட்டைத்தான். "அடிபட்டது கையி, காலை எதுக்குங்க அறுத்தீங்க?" நான் விளக்கிச் சொன்னேன். காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு எடத்துல நிக்காத மனுசன். இனிமே அந்தக் கையி எங்கெங்க சுத்தப் போவுதோ!"

டீ நேரம்

தைத்த குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். முழங்கையை மடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அடிக்கடி சேகரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது என் வேலை. மறுநாள் மாலை நாலு மணிக்குப் பிடித்தேன், துடிப்பே இல்லை. டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தபோதுதான், போர்வைக்குள் முழங்கை மடங்கியிருப்பதைக் கவனித்தேன். மெல்ல நீட்டினேன். துடிப்பு வந்தது, எனக்கு மூச்சும் வந்தது.

"கோச்சிக்காதீங்கண்ணே, டீ கிளாஸ் வாய் வரைக்கும் வருமான்னு பாத்தேன்."

வாட்ச்

அந்த வாரம் யார் கையைத் தொட்டாலும் என் விரல் துடிப்பைத் தேடியது. வீட்டில் மனைவியின் கையைப் பிடித்தபோதும் கண் தானாக வாட்சுக்குப் போயிற்று. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"பாசமா புடிக்கறதா இருந்தா மொதல்ல வாட்ச்ச கழட்டுங்க."

அவள் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் சேகர் வணக்கம் சொல்லாமல் வலது கையைத்தான் நீட்டுகிறார், நானும் சௌக்கியமா என்று கேட்காமல் துடிப்பைத்தான் பார்க்கிறேன், வாட்ச் இல்லாமல்.