ஆச்சு ஃபோர்மேன் இழுத்து மூடிய பட்டறை

ரயில் என்ஜின் பட்டறையில் பயிற்சி என்ஜினியராகச் சேர்ந்த அன்று காலையில்தான் ஃபோர்மேனை முதலில் பார்த்தேன். என்ஜினுக்கு அடியில் குழிக்குள் ஆட்கள் எண்ணெயும் அழுக்குமாக உழன்றுகொண்டிருந்தார்கள். அவர் மேலே நின்று வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"டிகிரியா? அதைக் கேட்டுக்கு வெளியில கழட்டி வெச்சுட்டு வாப்பா. இங்க அனுபவம்தான் பேசும்" என்றார்.

என் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கழற்றி வைக்கிற உத்தேசம் எனக்கில்லை. அவருடைய அனுபவம் என்னதான் பேசுகிறது என்று பார்த்தால், அது பேசியது ஒரே வார்த்தை. மேலதிகாரி போனில் எதைக் கேட்டாலும், ஆள் எதிரில் நிற்பதுபோல நாற்காலியை விட்டு எழுந்து, "ஆச்சுங்க ஐயா" என்பார். பட்டறை முழுக்க அவருக்கு ஆச்சு என்றே பெயர். காதுபடவே சொன்னார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பட்டறை அப்போதே அரை உயிராகத்தான் கிடந்தது. புது பம்ப் வேண்டும் என்று எழுதினால் தலைமை அலுவலகம் சிக்கனத்தைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பும். முதுகெலும்புள்ள ஆளாக இருந்தால் நேரில் போய் மேஜையைத் தட்டியிருப்பான். ஆச்சு தட்ட மாட்டார். மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தால் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். பழுதுபார்க்க வந்து நிற்கிற என்ஜினிலிருந்து பம்பைக் கழற்று, வெளியே போகவேண்டிய என்ஜினில் மாட்டு. அடுத்ததற்கு ரேடியேட்டர் வேண்டுமா, அதையும் பின்னால் நிற்பதிலிருந்து உருவு. வெளியே போவதற்குப் பளபளவென்று பெயின்ட் அடி. அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு போட்டோவுக்கு நில். அறிக்கையில் பட்டறை ஓஹோ என்று ஓடியது. பின்கொட்டகையில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குத் தார்ப்பாய் போர்த்தி, மேலே "ரெடி" என்று எழுதிவைத்தார்.

ஃபிட்டர்கள் மட்டும் யோக்கியர்களா? டீ குடிக்கும்போது வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மணி அடித்ததும் போய் அடுத்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்தவர் ஒருவர்தான். அவரும் ஃபிட்டர்தான், ஃபோர்மேனின் மச்சினன், மனைவியின் தம்பி.

பட்டறையை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவுசெய்யப் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மூடினால் வேலையும் போகும், ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். மச்சினன் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு அந்தத் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுங்க. இவ்வளவு வேலை பாக்கி கெடக்கு, சாமான் குடுங்கன்னு கேளுங்க. வேலை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பட்டறையை விட்டு வெப்பாங்க?"

"இத்தனை நாளா ரெடின்னு சொன்ன வாயால இப்ப இல்லேன்னு சொல்லவா? என் மானத்தை நானே ஏலம் போடணுமா மச்சான்?"

"தம்பி சொல்றதைத்தான் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ அடுப்பைப் பாரு."

படுத்த பிறகும் அவர் மனதில் பட்டறையும் ஓடியிருக்காது, பிழைப்பும் ஓடியிருக்காது. எல்லார் முன்னாலும் பெரிய அதிகாரி தன் தோளில் கை போடுவார் என்ற ஒரே காட்சிதான் ஓடியிருக்கும்.

அதிகாரி வந்தார். எண்ணெய்த் திட்டுகளைத் தாண்டித் தாண்டி, மூக்கில் கைக்குட்டையோடு, சாக்கடையைக் கடக்கிறவர் மாதிரி நடந்தார்.

"பின்னால என்ன நிக்குது?"

"எல்லாம் ரெடிங்க ஐயா."

"அப்ப பாக்கி வேலை?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா. எல்லாம் ஆச்சு."

"ஐயா, அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க! உள்ள வெறும் கூடுதான்!" குழிக்குள்ளிருந்து மச்சினன் கத்தினார்.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவன் கொஞ்சம் ஒரு மாதிரிங்க ஐயா. கண்டுக்காதீங்க."

அதிகாரி தார்ப்பாயின் நுனியைக்கூடத் தொடவில்லை. மூடவேண்டும் என்று முடிவுகட்டி வந்தவருக்குக் காரணம் தானாக மடியில் வந்து விழுந்திருந்தது. அவர் ஏன் தூக்கிப் பார்க்கிறார்? தோளில் மட்டும் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு தட்டுக்கு ஃபோர்மேன் கூனிக் குறுகி நின்றதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பாக்கி வேலை ஏதும் இல்லாததால் பட்டறை மூடப்படுகிறது என்று அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள். கூட்டம் எட்டி எட்டி அதைப் படித்தது. ஃபோர்மேன் மச்சினன் பக்கம் திரும்பினார்.

"நம்ம ரிப்போர்ட்டுக்கு மேலிடத்துல எவ்வளவு மரியாதை பாத்தியா?"

மச்சினன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாமா, நான் ஒரு மாதிரின்னு சொன்னீங்களே. நீங்க எந்த மாதிரி?"

தலைமை அலுவலகத்தில் தனக்கு ஓர் இடம் நிச்சயம் என்று ஆச்சு நம்பினார். இஸ்திரி போட்ட சட்டையோடு போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி அந்த வழியாகத்தான் போனார். ஃபோர்மேன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போய்விட்டார்.

கொட்டகையிலிருந்த கூடுகளைப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எடுத்தார். ஆச்சு இப்போது அவரிடம் பகல்நேரக் காவலாளி. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் இருக்கிறார். மச்சினன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அக்காவைப் பார்க்க வருகிறார், மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.