தங்கமணி அறிந்த வலி

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுபவள் தங்கமணி. வயது நாற்பத்தொன்று. பிறவியிலேயே சிக்கிள் செல் நோய். இரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். இடுப்பிலும் தொடையிலும் எலும்பைக் குடைவதுபோல் வலிக்கும். நான்கு நாள் வார்டில் படுத்துவிட்டு, ஐந்தாம் நாள் வேனை எடுத்துவிடுவாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் கால்கள் வீங்கின. சிறுநீர் நுரைத்தது. சிறுநீரகத்திலிருந்து புரதம் கசிகிறது, சிக்கிள் செல் நோயாளிகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள் மருத்துவமனையில். காலையில் விரல் மூட்டுகள் விறைத்துக்கொண்டதற்கும் அதே பதில்தான். கணவன் வாசு ஏற்றுக்கொண்டான். அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

புதிதாக வந்த டாக்டர் ஷப்னத்திடம் சொன்னாள்: "டாக்டர், என் வலி எனக்குத் தெரியும். அது எலும்புக்குள்ள இருக்கும். இது வேற. விரல்ல வருது, வெயில்ல போனா கன்னம் செவந்துடுது."

ஷப்னம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனையில் லூபஸ் என்று தெரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். இரண்டில் எது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதை அறிய, ஊசியால் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். இரத்தம் கசியலாம் என்றதும் வாசு பயந்தான்.

"ஊசி எனக்குப் புதுசா? எடுக்கட்டும் லா," என்றாள் அவள்.

துணுக்கு காட்டியது லூபஸை. ஒன்றுக்கு இரண்டு நோயா என்று வாசு கார் நிறுத்துமிடத்தில் அழுதான். தங்கமணிக்கோ நிம்மதி, இதை அடக்க மருந்து இருக்கிறதே. அந்த மருந்தான ஸ்டீராய்டு அவளுடைய பழைய வலியைக் கிளப்பிவிடலாம் என்பதால், ஷப்னம் அதைக் குறைத்துக் கொடுத்து இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். அப்படியும் மூன்றாம் வாரம் வலி வந்து ஆளைச் சாய்த்தது. வார்டில் கிடந்தபோதும் மாத்திரையை அவள் விடவில்லை.

எட்டு மாதத்தில் புரதக் கசிவு வெகுவாகக் குறைந்தது. சிறுநீரகம் முழுதாகத் தேறாது, ஆனால் டயாலிசிஸ் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை என்றார் ஷப்னம். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும், பக்கத்து இருக்கையில் பெரிய தண்ணீர் போத்தலுமாக மறுபடியும் வேன் ஓட்டுகிறாள். வேலைக்குப் போகும் பெண்கள் பாட்டை மாற்றச் சொல்லி வம்பு செய்கிறார்கள்.

போன வாரம் பரிசோதனை முடிந்து அவளும் வாசுவும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். உப்பு ஆகாதென்று ஊறுகாயை வாசுவின் இலைக்குத் தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள் தங்கமணி.