மாலையோடு போனவருக்கு ஆப்சென்ட்

டைம் ஆபீஸ் வேலை என்பது மாடியில் இருப்பவர்கள் செய்யும் காரியத்துக்குக் கீழே உட்கார்ந்து திட்டு வாங்கும் உத்தியோகம். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம் குறிக்கும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் எனக்கு அந்த வேலை. என் குரலும் சின்னது. திட்டுபவர்களுக்கு ரொம்ப வசதி.

யாருடைய விருப்பம்?

ஆர்டர் குறைந்ததும் ‘விருப்ப ஓய்வு’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். யாருக்கு விருப்பம் என்பதை மட்டும் நிர்வாகமே முடிவு செய்தது. லேத் ஆபரேட்டர் அந்தோணிராஜ் அண்ணனைப் பெர்சனல் மேனேஜர் தினமும் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ கொடுத்துப் பேசினார். கடைசியில் அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொண்டோம் என்று கம்பெனியும் கடிதம் கொடுத்தது.

அதை நம்பி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தப் பட்டறைக்கு இடம் பிடித்தார். அவருடைய மச்சான் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டார். அண்ணன் என் ஜன்னலுக்கு வந்து சிரித்தார்: “தம்பி, இனிமே கம்பெனி சங்குக்கு ஓட வேணாம், எனக்கு நானே சங்கு ஊதிக்குவேன்!”

டெம்போ ஊர்வலம்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேலையை முடித்துப் போகிறவருக்கு மேனேஜர் கையால் மாலை. பிறகு டெம்போவில் ஏற்றி, வெடி வெடித்து, வீடு வரை கொண்டுபோய் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவோம். மாலையோடு கேட்டைத் தாண்டியவர் மறுபடி வேலைக்கு உள்ளே வந்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை மேனேஜரே டெம்போவில் ஏறி நெமிலிச்சேரி வரை வந்தார். அண்ணன் வீட்டில் மிக்சர் சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னார்: “எங்க பொறுப்பு இன்னியோட முடிஞ்சுதும்மா. இனி இவர் உங்க சொத்து.”

திங்கட்கிழமை

ஞாயிறு ஒரு நாள்தான் நடுவில். அதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வந்துவிட்டது. லேத்துக்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “திட்டம் வாபஸ். பணம் இன்னும் குடுக்கல இல்ல? அப்போ அந்தோணிராஜ் நம்ம ஆள்தான். வரலேன்னா ஆப்சென்ட் போடு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போ என்று தள்ளுவதும் வா என்று இழுப்பதும் இவர்கள் இஷ்டமா? மச்சான் விட்ட வேலையை யார் வாபஸ் வாங்கித் தருவது? “சார், இது தப்பு சார்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்றார். மறுபடியும் சொன்னேன். “சத்தமா பேசத் தெரிஞ்சவனே சும்மா இருக்கான். உனக்கு என்னடா?”

கேட்டுக்கு வெளியே

அண்ணன் தன் பணத்தைக் கேட்க வந்தார். “உள்ளே அனுப்பு, நேரா மெஷினுக்குப் போகட்டும்” என்று மாடியிலிருந்து மேனேஜர் கத்தினார். வாட்ச்மேன் கோவிந்தன் கேட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்தினார்: “அண்ணாத்தே, நீ மாலையோட போன ஆளு. உள்ளார வந்துகினு மெசினத் தொட்டே, அப்பால எவன் வெரலு போவுதோ!”

அந்தம்மாவின் மேஜை முன்னால்

யூனியன் விஷயத்தை லேபர் ஆபீசரிடம் கொண்டுபோனது. அந்தம்மா நிதானமாகச் சொன்னார். தொழிலாளி எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ளும்வரை கம்பெனி பின்வாங்கலாம். ஒப்புக்கொண்டு கடிதமும் கொடுத்த பிறகு தன் இஷ்டத்துக்கு வாபஸ் வாங்க முடியாது.

மேனேஜர் விடவில்லை. “கடிதம் குடுத்தோம் மேடம், ஆனா வேலையிலேர்ந்து விடுவிக்கலையே” என்றார். மாலை போட்ட அதே கையை விரித்துக்காட்டிச் சொன்னார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த ஸ்டெல்லா அக்கா முன்னால் வந்தார்:

“இன்னா சார் சொல்றே? எங்க ஊட்டாண்ட டெம்போல வந்து, மிச்சர் துன்னுட்டு, ‘இனி இவர் உங்க சொத்து’ன்னது யாரு? என் சொத்த நீ எப்டி சார் வாபஸ் வாங்குவே?”

மாலை போட்டு வீட்டில் விட்டதே விடுவித்ததுதான் என்று அந்தம்மா எழுதினார். அண்ணனுக்குச் சேர வேண்டியது முழுசாகச் சேர்ந்து பூந்தமல்லியில் பட்டறையும் ஓடத் தொடங்கியது. கம்பெனி இதில் கற்றுக்கொண்ட ஒரே பாடம், அதன் பிறகு யாரை வழியனுப்பினாலும் மேனேஜர் டெம்போவில் ஏறுவதில்லை என்பதுதான்.