போத்தலில் பார்க்காத டீசல்

மூதூர் இறங்குதுறையில் பயணிகள் படகான லோஞ்சுக்கு டீசல் ஊற்றுவது என் வேலை. மழைத்தண்ணீர் டீசல் பீப்பாய்க்குள் கசியும் என்பதால், முதலில் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

அன்று திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக, பிரசவ வலியோடு ஒரு பெண் ஏறியிருந்தார். அவசரத்தில் பார்க்காமலே ஊற்றிவிட்டேன். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. குழந்தை லோஞ்சிலேயே பிறந்தது.

மறுநாள் அவருடைய கணவர் தொதல் இனிப்போடு வந்தார்.

“ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் சுகம். நீங்க உடன எண்ணெய் ஊத்தி அனுப்பினது பெரிய உதவி, அண்ணன்.”

“அந்த எண்ணெயிலதான் தண்ணி. நான் பார்க்கேல்ல” என்றேன்.

அவர் தொதலை என் கையில் வைத்தார்.

“நாளைக்குத் தாயும் புள்ளையும் இதே லோஞ்சிலதான் வாறாங்க. பார்த்து ஊத்துங்க.”

போத்தலை வெளிச்சத்தில் பிடிக்கும் ஒவ்வொரு காலையும், அந்தக் குழந்தைதான் ஏறப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.